பெரிய மிஸ் போகும் வழியெல்லாம் நெட்

பள்ளிக்கூடத்து நெட்டில் பாடத்தைத் தவிர எதைத் தட்டினாலும் சிவப்புப் பூட்டுதான் வரும். ஆனால் தலைமையாசிரியை பெரிய மிஸ்ஸின் கைப்பைக்குள் பூட்டில்லாத நெட் ஒன்று உலாவுவதை, வகுப்பே சுண்டெலி என்று கூப்பிடும் சிறுமி மோப்பம் பிடித்து ஒரு மாதமாகிறது. ஏதோ அவசரத்துக்குப் போனில் ஹாட்ஸ்பாட் போட்டவருக்கு அதை அணைக்கத் தெரியவில்லை. பாஸ்வேர்டு, ஒன்றிலிருந்து எட்டுவரை. அவர் நின்றால் நெட்டும் கூடவே நிற்கும், நடந்தால் கூடவே நடந்துவிடும். பெரிய மிஸ்ஸோ காலில் சக்கரம் கட்டியவர்.

அன்று பதினொன்றேகாலுக்கு வெளியூரில் சுண்டெலியின் அக்கா ஓடுகிறாள். ஐயாயிரம் மீட்டர், அவளுடைய முதல் பெரிய போட்டி; நெட்டில் நேரலையாகக் காட்டுகிறார்கள். அப்பா சுமை தூக்கப் போய்விட்டார், அம்மா சலவைக் கடையில். "நம்ம வீட்ல ஒருத்தராவது நான் ஓடறதைப் பாக்கணும்டி" என்று அக்கா காலையில் போனில் சொல்லியிருந்தாள்.

"பதினெட்டு நிமிஷம் பெரிய மிஸ்ஸை இங்க கட்டிப்போடணும்" என்றாள் சுண்டெலி.

"கயித்துக்கு எங்கடி போறது?" என்றான் வகுப்புத் தோழன் நெட்டையன்.

"சந்தேகத்தால கட்டுடா, பனைமரம்!"

அறிவியல் சார் வராத வகுப்பு அது. தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்டதும் நெட்டையன் வாசலில் குறுக்கே நின்றான். "மிஸ், வட்டத்துக்குள்ள முக்கோணம் வரையணுமாம். எனக்குத் தலையே சுத்துது மிஸ்."

ஒரு காலத்துக் கணக்கு டீச்சர். சந்தேகம் என்று ஒரு பிள்ளை வந்து ஆறு வருஷமாகிறது. கரும்பு தின்னக் கூலி கேட்பாரா? உள்ளே வந்து சாக்பீஸை எடுத்துவிட்டார். சுண்டெலியின் மடியில், பள்ளி கொடுத்த டேபில், அக்கா ஒன்பதாவதாக ஓடிக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிஷத்தில் வகுப்பின் மொத்தச் சந்தேகமும் வற்றிப்போனது. "வட்டம் ஏன் மிஸ் வட்டமா இருக்கு?" என்றது ஒரு குரல். "அருமையான கேள்வி!" என்று அதற்கும் ஐந்து நிமிஷம் பேசினார். பிறகு பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கடைசிச் சுற்று. அவர் தாழ்வாரத்தைத் தாண்டியதும் திரையில் அக்கா ஒற்றைக்காலில் உறைந்து நின்றாள்.

"மிஸ், போகாதீங்க!" சுண்டெலி கத்தியேவிட்டாள்.

அவர் திரும்பி வந்தார். "ஏம்மா?"

"எனக்கு... முதல்லேருந்தே ஒண்ணும் புரியல மிஸ்."

வந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் நோட்டில் வட்டம் வரைய ஆரம்பித்தார். நெட் இப்போது வெள்ளமாகப் பாய்கிறது, குனிந்து பார்க்கத்தான் வழியில்லை. நெட்டையன் தன் டேபைப் பார்த்து, அக்கா எத்தனையாவது என்று விரல் காட்டினான். ஐந்து. நான்கு. விரலைப் பார்ப்பதும் ஒரு பார்வையா? வருவது வரட்டும் என்று குனிந்தாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டினாள்.

பொட்டென்று ஒரு சொட்டு, மிஸ் வரைந்த வட்டத்தின் மேல் விழுந்தது.

பெரிய மிஸ் நெகிழ்ந்துபோனார். "கணக்கு புரிஞ்சு அழற பிள்ளையை இன்னிக்குத்தான்மா பாக்கறேன். நாளையிலேருந்து மதிய இடைவேளையில தினமும் நானே வரேன்!"

வகுப்பு மொத்தமும் சுண்டெலியைக் கடித்துத் துப்புவதுபோல் பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. மடியில் அக்கா மூச்சிரைக்கக் கேமராவைப் பார்த்துக் கையாட்டினாள். சுண்டெலியும் பெஞ்சுக்கடியில் கையாட்டினாள்.