ரெண்டுல எது சார்

அப்பாவின் முகத்தை அவள் இரண்டாவது முறையாகப் போர்வையால் மூடினாள். அம்மா இரண்டாவது முறையாக அதை விலக்கினாள்.

"முகத்த ஏன் மூடிக்கிட்டே இருக்க? வர்றவங்க பாக்க வேணாமா?"

"ஈ வருதும்மா."

"எங்க ஈ? அதான் ஃபேன் ஓடுதே."

ஈ ஒன்றும் வரவில்லை. வரப்போவது அவள் வேலை பார்க்கும் பைக் ஷோரூமிலிருந்து மேனேஜரும், எல்லாரும் 'மைலேஜ்' என்று கூப்பிடும் சேல்ஸ்மேனும்தான். மணி பத்தே முக்கால். பன்னிரண்டுக்கு வண்டி வந்து அப்பாவை எடுத்துப் போய்விடும். அதற்குள் அவர்கள் வந்தால் முகத்தைப் பார்ப்பார்கள், பார்த்தவுடன் தெரிந்துகொள்வார்கள். அந்த முகம் அவர்களுக்கு நன்றாகப் பழக்கம். அது அவளுடைய அப்பாவின் முகம் என்பது மட்டும்தான் தெரியாது.

நேற்று மாலை வாட்டர் சர்வீஸில் கடைசி வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த வாளியில் உட்கார்ந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். தூங்குகிறார் என்று நினைத்து முதலாளி சத்தம் போட்டாராம். யாருக்கும் ஒரு சிரமமும் கொடுக்காமல் போய்விட்டார் என்று காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவள் சமையலறைக்குள் போய் மேனேஜருக்கு மெசேஜ் அனுப்பினாள். 'சார், சீக்கிரமே எடுத்துடுவோம். நீங்க அலைய வேணாம்.' உடனே பதில் வந்தது. 'கிளம்பிட்டோம்மா. இதுக்குக்கூட வராம எப்படி?' நல்ல மனிதர். அந்த நேரத்தில் அவர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஷோரூமில் சேர்ந்த அன்று மதியச் சாப்பாட்டின்போது இதே மேனேஜர்தான் கேட்டார், "அப்பா என்ன பண்றாரும்மா?" சுற்றி ஐந்தாறு பேர். ஒருத்தரின் அப்பா ஹெட்மாஸ்டர், இன்னொருத்தரின் அப்பா பேங்கில். அவள் வாயில் இருந்த கவளத்தை விழுங்கிவிட்டு, "இன்சூரன்ஸ் ஆபீஸ்ல சார்" என்றாள். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் போனை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டாள். அதைக் கொண்டுவந்து கொடுக்க அப்பா வேலையின் நடுவே கிளம்பி வந்தார். முழங்கால் வரை சுருட்டிவிட்ட பேன்ட், சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள், நடக்கும்போது பளக் பளக் என்று சத்தம் போடும் ஈரச் செருப்பு. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே வந்தபோது அவள் பக்கத்தில் மேனேஜர் நின்றிருந்தார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யோசிப்பதற்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

"வாங்க சார். எந்த வண்டி பாக்கறீங்க?"

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு மேனேஜரைப் பார்த்தார். அவ்வளவு நேரம்தான் அவருக்குத் தேவைப்பட்டது. மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்த இரண்டு ஸ்போர்ட்ஸ் பைக்கையும் கைகாட்டி, "இந்த ரெண்டுல எது மேடம் நல்லது?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். சொல்லித்தானே ஆக வேண்டும். "இது ரோட்டுக்கு சார். கைப்பிடி உயரமா இருக்கும், முதுகு நிமிந்தபடி உக்காரலாம். சிக்னல்ல நின்னு நின்னு போனாலும் கை வலிக்காது, பின்னாடி ஒருத்தர் வசதியா வரலாம். அது ரேஸ் டிராக்குக்குன்னே செஞ்சது. கைப்பிடி கீழ இருக்கும், கால் வெக்கிற இடம் பின்னாடி தள்ளி உயரத்துல இருக்கும். வளைவுல வண்டிய நல்லா சாச்சாலும் கால் தரையில ஒரசாது. ஆனா குனிஞ்சேதான் ஓட்டணும். டவுனுக்குள்ள ஓட்டினா பத்து நிமிஷத்துல மணிக்கட்டு விட்டுப்போயிரும்."

பள்ளிக்கூடத்தில் அவள் மேடையேறிப் பேசியபோது முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாரே, அதே மாதிரி அப்பா வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். கடைசியில், "அதுக்குச் சுத்தி இத்தன பிளாஸ்டிக் மூடி இருக்கே, கழுவுறவன் பாடு திண்டாட்டம்தான்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். போகும்போது, "மேடம், இந்தப் போன் கீழ கெடந்துச்சு, உங்களுதான்னு பாருங்க" என்று நீட்டினார்.

அன்று இரவு வீட்டில் அதைப் பற்றி அவளிடம் அவரும் பேசவில்லை, அவரிடம் அவளும் பேசவில்லை. வழக்கம்போல சாப்பிட்டார்கள். பேசியிருக்கலாம். 'தப்பு பண்ணிட்டேன்ப்பா' என்பது ஒன்றும் நாக்கில் புரளாத வாக்கியமில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

மூன்று வாரம் கழித்து அப்பா மறுபடி வந்தார். இந்தத் தடவை தலைவாரி, சட்டை மாற்றி வந்திருந்தார். அதே கேள்வி. அதன் பிறகு மாதம் ஒரு முறையாவது வந்துவிடுவார். ஷோரூமில் அவருக்கு 'ரெண்டுல எது சார்' என்று பெயர் விழுந்தது. "நம்ம 'ரெண்டுல எது சார்' முடிவு பண்றதுக்குள்ள கம்பெனி ரெண்டு மாடலையும் நிறுத்திரும்" என்று மைலேஜ் சொல்லுவான். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சிரிப்பாள்.

அதற்கிடையில் யார் யாரோ அவளைத் தேடி வந்தார்கள். "இங்க ஒரு மேடம் தெளிவா சொல்லுவாங்களாமே. வண்டி கழுவுற பெரியவர் அனுப்பினார். ஆபீஸ் போக வரன்னா டிராக் வண்டி வாங்கி முதுக ஒடைச்சுக்காதே, போயி அவங்ககிட்ட கேளுன்னார்." எந்தப் பெரியவர் என்று மேனேஜர் கேட்டபோது அவள் உதட்டைப் பிதுக்கினாள். அந்த மாதத்தின் சிறந்த விற்பனையாளர் என்று பலகையில் அவள் படத்தை ஒட்டினார்கள்.

ஒரே ஒரு தடவை அப்பா அந்த டிராக் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கைப்பிடியை எட்டிப் பிடித்து, டேங்க் மேல் நெஞ்சு படும்படி குனிந்து, தன்னை மறந்து லேசாகச் சிரித்தார். பின்னாலிருந்து மைலேஜ் கிசுகிசுத்தான். "இவர ஏன் ஏத்தி விட்ட? சீட்டு அழுக்காயிரப் போகுது." அப்பா இறங்கியதும் அவள் துணியை எடுத்து சீட்டைத் துடைத்தாள். துடைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அப்பா இன்னும் போகாமல் அங்கேயே நிற்பதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு வந்தபோதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்ட நின்றே பேசினார்.

போன் அதிர்ந்தது. தெருமுனைக்கு வந்துவிட்டார்களாம்.

அவள் செருப்புகூடப் போடாமல் ஓடினாள். தெரு முனையிலேயே பேசி, அங்கேயே இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டு, அப்படியே அனுப்பிவிட வேண்டும். டெஸ்ட் ரைடு வண்டியில்தான் வந்திருந்தார்கள். ரோட்டு வண்டி. மைலேஜ் ஓட்ட, மேனேஜர் பின்னால் மாலையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"உள்ள ஒரே கூட்டம் சார். நிக்க எடமில்ல. மாலைய இப்படிக் குடுங்க, நான் போட்டுடறேன்."

"என்னம்மா பேசற? உங்கப்பாவ உயிரோட ஒரு தடவகூட பாத்ததில்ல. இப்பவாவது முகத்தப் பாக்க வேணாமா?" என்றார் மேனேஜர். அவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார்.

கூடத்தில் மொத்தம் ஏழு பேர்தான் இருந்தார்கள். பாதி நாற்காலிகள் காலி. மேனேஜர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலருகே போய், மாலையைப் போடக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். மைலேஜ் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"சார், இது நம்ம..."

மேனேஜர் அவன் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு மாலையைப் போட்டார். போட்ட பிறகும் பூவைச் சரிசெய்வதுபோல வெகுநேரம் குனிந்தே இருந்தார். அவர் நிமிர்ந்து தன்னைப் பார்க்கப் போகும் நொடிக்காக அவள் காத்திருந்தாள். அவர் நிமிர்ந்தார். ஆனால் அவளைப் பார்க்கவில்லை. அது அவள் நினைத்திருந்ததைவிட மோசமாக இருந்தது.

"ஷோரூம்காரங்களா?" என்று அம்மா எழுந்து வந்தாள். "உக்காருங்க தம்பி. உங்களப் பத்தி அவர் பேசாத நாள் இல்ல."

"எங்களப் பத்தியா?"

"பின்ன? அங்க போயிட்டு வந்தார்னா அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் கெடையாது. மக எல்லாரையும் கூப்பிட்டு, இவர்தான் எங்கப்பான்னு சொன்னாளாம். நீங்க எழுந்து நின்னு கையக் குடுத்தீங்களாம். நாற்காலி போட்டு காப்பி குடுத்தீங்களாம். மக பேசுறத ஷோரூமே நின்னு கேக்குதும்பார். அவகிட்ட கேட்டுறாத, கூச்சப்படுவாம்பார். ஈரச் செருப்போட போகாதீங்க, அவளுக்கு மரியாதையா இருக்காதுன்னு நான்தான் திட்டுவேன். எம் பொண்ணு அதெல்லாம் பாக்க மாட்டாடீம்பார்."

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. யாராவது நாலு வார்த்தை திட்டினால் தேவலை போலிருந்தது. வெட்கம் என்று சொன்னால் போதாது. அப்பாவை ஷோரூமில் மறைத்தவள் அவள். அவள் மறைத்ததை வீட்டில் மறைத்தவர் அப்பா. அம்மாவின் கண்ணில் தன் மகள் சின்னதாகிவிடக் கூடாது என்று இல்லாத நாற்காலியையும் இல்லாத காப்பியையும் உண்டாக்கி, சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

"ஆமாம்மா," என்றார் மேனேஜர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "வருவார். அடிக்கடி வருவார்."

"கடைசியில ரெண்டுல எது நல்லதுன்னு முடிவு பண்ணாரு? என்கிட்டயும் அதையே சொல்லி மண்டைய ஒடைப்பார்."

அம்மா அவளைப் பார்த்துத்தான் கேட்டாள். அவளுக்குத் தெரியாது. மைலேஜ்தான் பதில் சொன்னான். இப்போது அவன் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

"முடிவே பண்ணலம்மா. நான் வெளக்கினா காதுலயே வாங்க மாட்டார். மேடம் வரட்டும், அவங்க சொன்னாத்தான் எனக்குப் புரியும்பார். போன வெள்ளிக்கிழமகூட அரை மணி நேரம் நின்னு பாத்துட்டுத்தான் போனார்."

"அரை மணி நேரமா? நீ எங்கடி போன?"

வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். அப்பா ரோட்டைக் கடப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததும் அவள் ஸ்பேர் பார்ட்ஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே நின்று செயின் டப்பாக்களை எண்ணினாள். அவர் போய்விட்டார் என்று மைலேஜ் வந்து சொன்ன பிறகே வெளியே வந்தாள்.

"அன்னிக்கு ஷோரூம்ல கூட்டம்மா," என்று மேனேஜர் முந்திக்கொண்டார். "இவங்களுக்குத் தலைக்கு மேல வேல."

"அதான பாத்தேன். அது சரி, பெத்த பொண்ணையே மேடம்னு கூப்பிட்டாரா? கிண்டல் புடிச்ச மனுஷன்." அம்மா சிரித்துவிட்டாள். சிரித்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைலேஜ் மட்டும் ஒரு தடவை அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. சீட்டு அழுக்காயிரும் என்று சொன்னது அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவன் முகம் கறுத்திருந்தது.

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. வண்டி கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது. ஓட்டி வந்த பெரியவர் அட்டையில் செருகிய ஒரு படிவத்தோடு உள்ளே வந்தார். வருஷக்கணக்கில் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தோ என்னவோ, காது மந்தம். கட்டிலின் தலைமாட்டில் நின்று பேனாவை உதறிக்கொண்டே, "விவரம் சொல்ல யாரு இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டார்.

"நீ சொல்லு பாப்பா" என்றாள் அம்மா.

பெயர் சொன்னாள். வயது சொன்னாள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"என்ன வேல பாத்தார்?"

இன்சூரன்ஸ் ஆபீஸ் என்று ஒரு காலத்தில் சொன்னவள் இரண்டடி தூரத்தில் மேனேஜரை வைத்துக்கொண்டு, "வாட்டர் சர்வீஸ்ல வண்டி கழுவுறார்" என்றாள். பெரியவர் கையைக் காதருகே கொண்டுபோனார். மறுபடி சொன்னாள். மேனேஜர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பெரியவர் ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி எழுதினார்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மாலை தாடை வரை ஏறியிருந்தது. மைலேஜ், மேனேஜர், அம்மா எல்லாரும் அவள் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

"பொண்ணு" என்றாள்.

பேனா அசையவில்லை. பெரியவர் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து, அவள் வாயருகே காதைக் கொடுத்தார்.

"கேக்கலம்மா," என்றார். "கொஞ்சம் சத்தமா சொல்லு."