பொங்காலைக்குப் பிடித்த இடம்

கும்ப மாதத் திருவிழாவில், பெண்கள் தெருவில் அடுப்பு மூட்டி அம்மனுக்குப் பொங்கலிடும் பொங்காலை நாள். பகவதி கோயிலின் கிழக்கு நடைக்கு நேர் எதிரே, ஆலமர நிழலில், விலாசினிக்கு ஆண்டுதோறும் இடம் உண்டு. கணவர் கோயில் கமிட்டிச் செயலாளர். இந்த முறை துபாயிலிருந்து நாத்தனார் கிரிஜாவும் வந்திருந்தாள். அவளுக்கும் சேர்த்து விடிவதற்கு முன்பே இரண்டு அடுப்புக்குச் செங்கல் வைத்தாயிற்று.

வெயில் ஏறியதும் கிரிஜா போனில் கூப்பிட்டாள். "இந்தப் புகையில என்னால உக்கார முடியாது அண்ணி. எனக்கும் சேத்து நீங்களே பொங்கிருங்க."

போனை வைத்த சூட்டோடு ஒருத்தி வந்து நின்றாள். சாயம் போன சேலை, தலையில் விறகுக் கட்டு, இடுப்பில் புதுப் பானை.

"சேச்சி, இந்த அடுப்புக்கு ஆளில்லையே? மலையிலேருந்து பஸ் புடிச்சு வர நேரமாயிட்டு. எங்கயும் கால் வைக்க இடமில்ல."

கமிட்டிக்காரர் வீட்டுப் பெண்களின் வரிசை அது. நடுவில் இவளா?

"ஆள் உண்டு."

"வரலைன்னா மட்டும்..."

"வருவான்னு சொல்றேன்ல? என் நாத்தனார். நெஞ்சுல கட்டி, ஆபரேசன். அதுக்கு வேண்டிக்கிட்ட நேர்ச்சைதான் இது."

அந்தப் பொய் எங்கிருந்து வந்ததென்று விலாசினிக்கே தெரியவில்லை. வந்தவள் முகம் வாடிவிட்டது. "அய்யோ, தெரியாமக் கேட்டுட்டேன் சேச்சி." விறகுக் கட்டைச் சரிசெய்துகொண்டு நகர்ந்தாள்.

பக்கத்து அடுப்பிலிருந்து சந்திரிகா டீச்சர் எட்டிப் பார்த்தாள். "கிரிஜாவுக்கா? நேத்து ஜவுளிக்கடையில பாத்தேன், நல்லாத்தானே இருந்தா?"

விலாசினி தலை நிமிராமல் சுள்ளி ஒடித்தாள்.

தலைமைப் பூசாரியான மேல்சாந்தி கோயில் அடுப்பில் தீ மூட்டினார். பெண்களின் குரவை ஒலி எழுந்தது. தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி வந்தது. கிரிஜாவின் மூன்று கற்கள் மட்டும் பற்றவைக்க ஆளின்றிக் கிடந்தன. கடந்துபோன பெண்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். பானை பொங்கியபோதும் விலாசினியின் வாயில் குரவை வரவில்லை.

சாந்திக்காரர்கள் வந்து பானைகளில் தீர்த்தம் தெளித்து முடிந்ததும் கை கழுவக் குழாயடிக்குப் போனாள். சாக்கடை ஓரம், நிழலே இல்லாத இடத்தில், அந்தப் பெண் பொங்கி இறக்கியிருந்தாள். சாந்திக்காரர்கள் அந்தப் பக்கம் வரவேயில்லை. கைகூப்பிக் காத்திருந்தவள் விலாசினியைக் கண்டதும் எழுந்தாள்.

"சேச்சி, நாத்தனார் வந்தாச்சா? பேரு தெரியல, 'அந்த நோவுக்காரி'ன்னு சொல்லி அம்மைகிட்ட வேண்டிக்கிட்டேன்."

வந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

"அவளுக்கு நோவு ஒண்ணுமில்ல. வரமாட்டேன்னு முன்னாடியே சொல்லிட்டா. நான்தான்... உன்னப் பக்கத்துல உக்கார வைக்க மனசில்லாமப் பொய் சொன்னேன்."

அவள் குனிந்து பானையை வாழையிலையால் மூடினாள்.

"நோவில்லைன்னா நல்லதுதானே."

"இரு, நான் போய் சாந்தியக் கூட்டிட்டு வாறேன். எங்க வீட்டுக்காரர் கமிட்டியில..."

"வேண்டாம். எனக்கு பஸ் போயிரும்."

பானையைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கூட்டத்துக்குள் போய்விட்டாள். பெயரைக் கூடக் கேட்கவில்லையே என்று அப்போதுதான் விலாசினிக்கு உறைத்தது.

ஆலமரத்தடிக்குத் திரும்பியபோது டீச்சர் மறுபடி தொடங்கினாள். "எந்த ஆஸ்பத்திரியில காட்டுறீங்க?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல டீச்சரே. அந்தப் பொண்ண விரட்ட நான் சொன்ன பொய்."

டீச்சர் அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். இருவருக்கும் வீடு ஒரே தெருவில்தான். பானைகளைச் சுமந்துகொண்டு சேர்ந்தே நடந்தார்கள், பேச்சில்லாமல்.