பத்துக்கு ஆறு

கட்டின புருஷன் பெண்டாட்டிக்குப் பத்துக்கு ஆறு மார்க் போட்டால் வீட்டில் என்ன நடக்கும்? எங்கள் வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை நின்றது. மூன்றாம் நாள் நான் பேச ஆரம்பித்தேன். அதற்குப் பெயர் பேச்சில்லை என்று அவர் இன்றைக்கும் சொல்வார்.

நானும் அவரும் ஒரே வகுப்பில் எம்.பி.ஏ. படித்தோம். வேலைக்குப் போகிறவர்களுக்கான படிப்பு, ஞாயிறுதோறும் வகுப்பு. நான் பார்சல் கிடங்கில் லாரிகளை அனுப்பும் பிரிவுக்கு மேற்பார்வையாளர். அவர் ஏணி செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். நாங்கள் புருஷன் பெண்டாட்டி என்று வகுப்பில் மூச்சுவிடவில்லை. யார் வீட்டுப்பாடத்தை யார் எழுதுகிறார்கள் என்று கிண்டல் கிளம்பும் என்ற பயம்தான். அவர் முதல் வரிசை, நான் கடைசி வரிசை.

கடைசிப் பருவத்தில் குழு அறிக்கை என்று ஒரு தாள். நாலு பேர் ஒரு குழு. குலுக்கிப் போட்டதில் நாங்கள் இருவரும் ஒரே குழுவில் விழுந்தோம். கூடவே ஒரு வங்கிக்காரர், ஒரு மருந்துக்கடை அம்மா. ஒரு மேசை நாற்காலிக் கடை எப்படிச் சரக்கு அனுப்புகிறது என்று ஆராய்ந்து எழுதினோம். எழுதி முடித்ததும் ஒவ்வொருவரும் மற்ற மூவருக்கும் பத்துக்கு மார்க் போட வேண்டும். அந்த மூன்று மார்க்கின் சராசரி எட்டுக்குக் கீழே போனால் தாள் போச்சு. அடுத்த பருவத்தில் புதுக் குழு, புது அறிக்கை, மறுபடி முதலிலிருந்து.

எனக்கு வங்கிக்காரர் ஒன்பது போட்டிருந்தார். மருந்துக்கடை அம்மா எட்டு. என் வீட்டுக்காரர் ஆறு. சராசரி ஏழே முக்கால்கூட வரவில்லை.

எங்கள் கிடங்கில் கிளை மேலாளர் பதவி காலியாக இருந்தது. பட்டச் சான்றிதழை மாதக் கடைசிக்குள் காட்டினால் அந்த நாற்காலி எனக்கு. இல்லாவிட்டால் எனக்கு அடுத்து நிற்பவனுக்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் லாரியில் சரக்கை முன்பக்கமாக ஏற்றுவதா பின்பக்கமாக ஏற்றுவதா என்று என்னிடம் கேட்டவன் அவன். அவன் கையெழுத்துக்கு நான் காத்து நிற்பதா? நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, ஆறா? எனக்கா?"

"ஆறுன்னா நல்ல மார்க்தானே?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல். "எங்க ஃபேக்டரில ஆறு வந்தா ஏணி கடைக்குப் போயிடும். ஏழு வந்தா முதலாளியே வந்து பார்ப்பாரு. பத்துன்னா அதுல ஏறுறவன் விழவே மாட்டான்னு அர்த்தம். அப்படி ஒரு ஏணி இன்னும் யாரும் செய்யல."

"நான் ஏணி இல்லைங்க!"

"தெரியும். பதினாலாம் பக்கத்துல லாரி போறதுக்கு மட்டும் டீசல் போட்டிருக்கே. திரும்பி வர்றதுக்கு யாரு போடுவா?"

அவர் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிச்சல். பதினோரு வருஷமாக லாரிகளை அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அனுப்புவது என் பொறுப்பு, வந்து சேர்வது வேறு பிரிவின் பொறுப்பு. வாசலைத் தாண்டிய வண்டியை மறந்துவிடுவது என் கைக்குப் பழகிப்போயிருந்தது. பேராசிரியர் கண்ணிலேயே படாத ஓட்டை இந்த மனுஷன் கண்ணில் பட்டிருக்கிறது.

மூன்றாம் நாள் என் அர்ச்சனை முடிந்ததும் அவர் விதிக் கையேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எண்பத்து நாலு பக்கம். அதுவரை நாங்கள் இருவருமே அதைத் திறந்ததில்லை. விரிசல் தேடுகிற மாதிரி ஒவ்வொரு வரியாகத் தடவிப் படித்தார். பிறகு ஒரு தாளில் ஏதோ கிறுக்கினார். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுச் சமையலறைக்கு வந்தார்.

"இங்க பாரு, ஒன்பதாவது விதி. சொந்தக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் போடுற மார்க் செல்லாது. மனு போடு. என் ஆறு அடிபட்டுடும்."

செல்லாது என்ற சொல் மட்டும்தான் என் காதில் விழுந்தது. அன்றைக்கே மனு எழுதிவிட்டேன்.

அடுத்த வாரம் விசாரணை. நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் துறைத் தலைவர். ஒரு பக்கம் யாரோ ஒரு பேராசிரியர், எதற்கும் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு பக்கம் அலுவலகக் கண்காணிப்பாளர் அம்மா. எண்பத்து நாலு பக்கமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் கையேட்டம்மா. எதிரே நானும் அவரும். எங்கள் திருமணச் சான்றிதழின் நகலைத் தலைவர் இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் புருஷன் பெண்டாட்டியா? ரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூடப் பேசிப் பார்த்ததில்லையே?"

"அதுவே ஒரு சாட்சிதானே சார்," என்றேன்.

தலைவர் சிரித்துவிட்டார். கையேட்டம்மா சிரிக்கவில்லை, கால்குலேட்டரைத் தட்டினார். "இவர் போட்டதை எடுத்துட்டா இவங்களுக்கு எட்டரை. தேறிட்டாங்க."

எனக்கு மூச்சு வந்தது.

"இருங்க," என்றார் கையேட்டம்மா. "விதி ரெண்டு பக்கமும்தான். இவங்க இவருக்குப் போட்டதும் போகணும்."

நான் அவருக்குப் பத்து போட்டிருந்தேன். யோசிக்கவே இல்லை, புருஷனுக்கு வேறு என்ன போடுவது? வங்கிக்காரரும் மருந்துக்கடை அம்மாவும் ஆளுக்கு ஏழு போட்டிருந்தார்கள். அவர்கள் எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று தடவை திருப்பி அனுப்பியவருக்கு அவர்கள் ஏழு போட்டதே தாராளம். என் பத்தோடு சேர்ந்துதான் அவருக்குச் சரியாக எட்டு வந்திருக்கிறது. பத்தை எடுத்துவிட்டால் ஏழு.

"இவர் போயிடுறார்," என்றார் கையேட்டம்மா.

வாரம் ஆறு நாள் ஏணிகளோடு மல்லுக்கட்டிவிட்டு ஏழாவது நாளும் தூங்காமல் படித்த மனுஷன். அவர் பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் நான் நாற்காலியில் உட்காருவதா?

"சார், மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன்."

அவர் எழுந்து நின்றார். "வேண்டாம் சார். ரெண்டு மார்க்ல ஒண்ணு தப்பு. என் ஆறு தப்பில்ல. நாங்க ஆறு போட்ட ஏணியில ஊரே ஏறுது. இவ எனக்குப் போட்ட பத்துதான் தப்பு. மத்தவங்க குறையைத் தேடுனதுல என் பங்கை நான் ஒழுங்கா எழுதல. வெறும் நாலு பக்கம். அதுக்கு ஏழே ஜாஸ்தி."

"முடிவு மனு போட்டவங்க கையில. மனு நிக்கணும்னா இதுல கையெழுத்துப் போடுங்க," என்றார் தலைவர்.

என் வீட்டுக்காரர் பேனாவின் மூடியைக் கழற்றி என் முன்னால் வைத்தார். "கையெழுத்துப் போடு. எனக்கு ஆறு மாசம், அவ்வளவுதான். உனக்கு இந்த மாசம் விட்டா இல்ல."

போட்டேன். எழுத்து கோணிக்கொண்டு போனது. கண் முட்டி நின்றதில் கோடு தெரியவில்லை.

படியிறங்கும்போது அவர் எனக்கு முன்னால் போனார். முகத்தில் அதிர்ச்சியும் இல்லை, வருத்தமும் இல்லை. எனக்குச் சுருக்கென்றது.

"நில்லுங்க. உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"கையேட்டைப் படிச்ச அன்னைக்கே கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்."

"தெரிஞ்சுமா என்னை மனு போடச் சொன்னீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ போட்டிருக்க மாட்டே."

அந்த வழவழப்பான படியில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டினேன். திட்டத் திட்ட அழுகை வந்தது. அவர் என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, திட்டு முடியட்டும் என்று நின்றார்.

இப்போது நான் கிளை மேலாளர். இன்று ஞாயிறு. அவர் புதுக் குழுவோடு புது அறிக்கை எழுதப் போயிருக்கிறார். அன்றைக்கு அவர் சொல்லியிருந்தால் நான் மனு போட்டிருக்கவே மாட்டேன், அது சத்தியம். அதை அவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருந்தார் என்பதில்தான் அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.