பலகை போய்ச் சேர்ந்த நேரம்

கான்ஸ்டான்டிநோபிள் நகரம் ஸ்தமாதிஸுக்குத் தரவேண்டிய கூலிப் பாக்கி மூன்று வெள்ளிக்காசு. தரவேண்டிய ராஜாவே செத்துப்போய், அந்தக் கோடையும் போய்விட்டது.

நகரம் விழுவதற்கு முந்தைய நாள். பீரங்கி உடைத்த சுவரில் நிற்பவர்களுக்கு மறைப்பாக வைக்கும் பலகைகள் சதுக்கத்தில் குவிந்து கிடந்தன. கூலியைக் கையில் வைத்தால்தான் தோளில் ஏற்றுவோம் என்று சுமைகாரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் உட்கார்ந்தவன் ஸ்தமாதிஸ். அவன் வீட்டில் அடுப்பு எரிந்து நாளாகியிருந்தது. மேஸ்திரி கலினிகோஸ் கெஞ்சிக் கூத்தாடி, சாயங்காலம் கடன் சொல்லி எழுப்பினார். பலகை சுவரடிக்குப் போனபோது இருட்டிவிட்டது. விடியும்போது நகரம் போயிற்று. சுவர்மேல் காவல் நின்ற அவன் தம்பி மார்கியானும் போனான்.

அன்றிலிருந்து ஸ்தமாதிஸ் தூக்கத்தில் பலகை சுமக்கிறான். எவ்வளவு நடந்தும் சதுக்கத்தைத் தாண்ட முடிவதில்லை.

இப்போது அதே சுவரை, நகரத்தைப் பிடித்த துருக்கியருக்காகக் கட்டுகிறார்கள். அதே மேஸ்திரிதான்.

"ராஜா மாறினாலும் உன் முதுகு மாறலையேடா!" என்று சிரித்தார் கலினிகோஸ். "சாரத்துக்குப் பலகை வேணும். அந்த இடிசல்ல கிடக்கும், தோண்டிப் பாரு."

கற்களை விலக்கிய ஸ்தமாதிஸின் கை நின்றது. கட்டு அவிழாத பலகை. கயிற்றில் அவன் போட்ட முடிச்சு.

"மேஸ்திரி, இதை யாருமே எடுத்து நிறுத்தலையா?"

"கண்ணு தெரியாத இருட்டுல கொண்டாந்து போட்டா எவன்டா நிறுத்துவான்?"

"மத்தியானமே வந்திருந்தா? ஊர் தப்பிச்சிருக்குமா?"

"என்னைக் கேட்டா? தூக்கிட்டுப் போய் நீயே நிறுத்திப் பாரு."

ஏறினான். உடைப்பின் நடுவே நிறுத்தினான். வண்டிகள் வரிசையாகப் புகுந்து போகிற அகலத்தில் அந்தப் பலகை பொக்கை வாயில் ஒற்றைப் பல்லாக நின்றது. சதுக்கத்தில் கிடந்த அத்தனையையும் நிறுத்தினாலும் பாதி மறையாது. ஊர் எப்படியும் போயிருக்கும். அவனுக்கு மூச்சு ஆழமாக வந்தது.

பிறகு பலகைக்குப் பின்னால் குந்திப் பார்த்தான். ஓர் ஆள் மறையலாம். மார்கியான் இவனைவிட ஒல்லி.

வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் கலினிகோஸ் அன்றைய கூலியோடு மூன்று வெள்ளிக்காசையும் சேர்த்து நீட்டினார்.

"அந்தப் பழைய பாக்கி. இப்பத்தான் கையில நாலு காசு புரளுது. பிடிடா."

ஸ்தமாதிஸ் அன்றைய கூலியை மட்டும் எடுத்துக்கொண்டான்.

"அந்தக் கணக்கைத் தள்ளிடுங்க மேஸ்திரி. மார்கியானுக்குப் பலகை இன்னைக்குத்தான் போய்ச் சேர்ந்துச்சு."