பாக்கெட்டின் பின்பக்கம்

பிளம்ஸ் பழத்தைக் கூழாக்கி, தட்டில் மெல்லிசாகப் பரப்பி, காயவைத்துச் சுருட்டி விற்பதுதான் அனிட்டாவின் தொழில். கொடைக்கானல் ஏழு ரோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கடை. பாக்கெட்டின் முன்பக்கத்தில் சிரிக்கும் குழந்தையின் படமும், 'பழம் மட்டுமே. சர்க்கரை சேர்க்கவில்லை' என்ற பச்சை எழுத்தும் இருக்கும். அது பொய் என்று அவள் நினைத்ததில்லை. பக்கத்துக் கிராமமான பள்ளங்கியிலிருந்து வரும் பிளம்ஸ் புளிப்பு. வாயில் வைத்தால் பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கும். அதனால் பேரிக்காய்ச் சாற்றைப் பாகு பதத்துக்குச் சுண்டக் காய்ச்சிக் கூழோடு கலப்பாள். பேரிக்காயும் பழம்தானே.

பின்பக்கத்து அட்டவணையை மட்டும் அப்படிச் சமாதானம் சொல்லித் தள்ள முடியாது. நூறு கிராமில் சர்க்கரை எவ்வளவு, மாவுச்சத்து எவ்வளவு என்று போட வேண்டும் என்றார் அச்சகக்காரர். சீசன் தொடங்கிவிட்டது, ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருக்க அனிட்டாவுக்குப் பொறுமை இல்லை. கடையில் வாங்கிய வேறொரு பழப் பாக்கெட்டைப் பார்த்து எண்களை எழுதினாள். சர்க்கரைக்கு நேரே இருந்த எண் பெரிதாகத் தெரிந்தது. நாமதான் சர்க்கரையே போடவில்லையே என்று அதைப் பாதியாக்கினாள். மாவுச்சத்தையும் அதற்குத் தக்கபடி குறைத்தாள்.

"எவன் திருப்பிப் பாக்கப் போறான்?" என்றான் சுற்றுலா வேன் ஓட்டும் அவள் கணவன் டிக்சன்.

ஷர்மிளா திருப்பிப் பார்த்தாள்.

பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் வீட்டு மருமகள் அவள். கோடையில் கொடைக்கானல் வந்தபோது ஒரு பாக்கெட் வாங்கிப் போனவள், அதற்குப் பிறகு கூரியரில் வரவழைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை மகள் கனிஷ்காவோடு நேராகக் கடைக்கே வந்துவிட்டாள்.

"உங்களப் பாத்துக் கும்பிட்டுட்டுப் போகணும்னுதாங்க்கா வந்தேன்" என்றாள். "இவளுக்குச் சின்னதுலருந்தே சக்கரை. ஊசி போட்டாத்தான் சாப்பாடு. கடை நெறையப் பஞ்சாமிர்தம் கெடக்கு, நாக்குல வைக்க விடமாட்டேன். இவ ஆசையாத் திங்கிறது உங்க பாக்கெட் ஒண்ணுதான்."

இரண்டாம் வகுப்புப் படிக்கும் கனிஷ்கா வந்ததும் வாங்கிப் பிரித்த சுருளை நுனிநுனியாகக் கடித்துக்கொண்டிருந்தாள். மெலிந்த பிள்ளை.

"கொஞ்ச நாளாச் சாயங்காலமானா சக்கரை எகிறிருதுக்கா. ஏன்னே புரியல. பாக்கெட்டுக்குப் பின்னாடி போட்டிருக்கிறத வச்சுத்தான் ஊசிக்கு அளவு பாக்குறேன், அதுல தப்பு வராது. அப்பச் சோத்துலதான் கோளாறுன்னு சோத்தக் கொறச்சேன். வாழப்பழத்த நிப்பாட்டினேன். பசிக்குதும்மான்னு அழுவா. இதக் குடுத்துத்தான் தேத்துறேன்."

அனிட்டாவுக்குக் காது இரண்டும் சுட்டன. அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அவள் கை அலமாரிக்குப் போய், மூன்று பாக்கெட்டை எடுத்துப் பையில் போட்டது.

"பாப்பாவுக்கு நான் குடுத்ததா இருக்கட்டும்" என்றாள்.

ஷர்மிளாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் நன்றி சொன்னதை அனிட்டா தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். அவர்கள் போன பிறகு அலமாரியைத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். பிறகு கடையைப் பூட்டக்கூடத் தோன்றாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

பழனி பஸ் கிளம்ப நின்றது. ஜன்னலோரம் ஷர்மிளா.

"ஷர்மிளா, அந்தப் பின்னாடி போட்டிருக்கிற எண்ணு நெசமில்லம்மா" என்றாள் மூச்சிரைக்க. "வேற பாக்கெட்டப் பாத்து எழுதினது. கொறச்சு எழுதினேன். உள்ள பேரிக்காய்ப் பாகு இருக்கு. இப்பத் தின்னதுக்கும் சேத்துச் சக்கரை பாத்துக்கங்க."

ஷர்மிளாவுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. "அப்ப நெசத்துல எவ்வளவு இருக்கும்?"

"தெரியல."

முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஷர்மிளா குரலை உயர்த்தவில்லை. "கடையில நான் சொல்லும்போதே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்ல?"

அனிட்டா தலையசைத்தாள்.

"புரிஞ்சுக்கிட்டேதான் மூணு பாக்கெட் எடுத்துக் குடுத்தீங்களா?"

ஷர்மிளா பையை ஜன்னல் வழியாக நீட்டினாள். கனிஷ்கா தன் கையில் மிச்சமிருந்த துண்டைப் பார்த்தாள்.

"இதுவும் வேணாமாம்மா?"

அதையும் வாங்கிப் பைக்குள் போட்டாள் ஷர்மிளா. "எம் பிள்ளையப் பசியோட படுக்க வச்சேன்க்கா" என்றாள். பஸ் நகர்ந்தது. ஒட்டும் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு அனிட்டா நின்றாள்.

அன்றைக்கே மற்ற கடைகளில் போட்டிருந்த பாக்கெட்டுகளைத் திருப்பி எடுக்கக் கிளம்பினாள். "பழுதாப் போச்சுன்னு சொல்லு, வெரசாச் சோலி முடியும்" என்றான் டிக்சன். முதல் கடையில் அப்படியே சொல்லிவிட்டாள். வாசல்படி இறங்கியதும் காது மறுபடி சுட்டது. திரும்ப உள்ளே போனாள்.

"பழுது இல்ல அண்ணாச்சி. நான் போட்ட எண்ணு பொய்யி."

கடைக்காரர் சிரித்தார். "எல்லாரும் போடுறதுதானம்மா, இதுக்குப் போயா?" திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தச் சிரிப்பில் அவளையும் சேர்த்துக்கொண்டதுதான் தாங்கவில்லை.

மதுரை ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. அச்சடித்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் சர்க்கரை. முன்பக்கத்துப் பச்சை எழுத்தை எடுத்துவிட்டு, அந்த எண்ணையே அங்கே பெரிதாகப் போட்டாள். கடைக்கு வரும் தாய்மார்கள் அதைப் படித்துவிட்டுப் பாக்கெட்டை இருந்த இடத்திலேயே வைத்தார்கள். ஷர்மிளாவுக்குப் போன் செய்து சர்க்கரையின் சரியான எண்ணைச் சொன்னாள். "சரி" என்று போன் வைக்கப்பட்டது.

பிளம்ஸ் சீசன் முடிந்த பிறகு ஷர்மிளாவே கூப்பிட்டாள்.

"இப்பச் சாயங்காலச் சக்கரை ஏறலக்கா. சோறு பழையபடி குடுக்குறேன். நீங்க சொன்ன சக்கரை எண்ண டாக்டர்கிட்டக் காட்டினேன். சரியான அளவு தெரிஞ்சா எப்பவாச்சும் ஒரு துண்டு குடுக்கலாம், அதுக்குத் தக்க ஊசி போட்டுக்கலாம்னாரு."

"அனுப்பி வைக்கட்டுமா?" என்று அனிட்டா அவசரமாகக் கேட்டாள்.

"வேணாம்க்கா, தொட மாட்டா. இப்ப எந்தப் பாக்கெட்ட நீட்டினாலும், 'இது நெசமான எண்ணான்னு கேட்டியாம்மா'ங்குறா."