கம்பளிக்காரனின் மூன்றாவது முடிவு

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. கல்கத்தா கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் முப்பத்தோரு வருஷம் கிளார்க்காக இருந்தவனுக்கு அதைக் கற்றுக்கொள்ள நேரம் ஏது? ஆகவே, 1990 டிசம்பரில் மண் குவளையில் ஊற்றிய டீ உறைந்துபோய், அதை நாங்கள் கடலை மிட்டாய் மாதிரிக் கடித்துத் தின்றோம் என்று சொன்னால் நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும்.

அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் குவார்ட்டர்ஸ் தமிழர்கள் எல்லாரும் மத்தியானம் படம் பார்ப்பதாக ஏற்பாடு. டிவியும் விசிஆரும் வாடகைக்கு வந்தன. கேசட் வாங்கிவரும் பொறுப்பு என்னுடையது. கிடர்பூர் கடைக்காரன் தமிழ்ப் படம் இல்லை என்று சொல்லி, ஒரு இங்கிலீஷ் கொலைப் படத்தை என் தலையில் கட்டினான். அதைச் சொன்னால் மானம் போகுமே! "அபாரமான படம். நான் சௌரங்கி தியேட்டரில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். தமிழில் விளக்கிக்கொண்டே வருகிறேன்" என்றேன். நான் பார்த்திருக்கவில்லை.

மலையடிவாரத்தில் ஒரு விடுதி, அதில் ஆறு பேர். முகம் முழுக்கக் கம்பளித் தொப்பி போட்ட ஒருவன் கோடாலியோடு வந்து ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறான். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். கல்கத்தாவில் டிசம்பர் பிறந்தால் பால்காரனிலிருந்து பெரிய ஆபீசர் வரை அத்தனை பேர் தலையிலும் அதே மங்கி கேப்தானே! மூன்றாவது கொலைக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தர் மட்டும் தன் தலையிலிருந்த கேப்பைக் கழற்றி மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார்.

அமலா முன்வரிசையில் இருந்தாள். கூட்ஸ் வண்டி கார்டு பட்டாபியின் மனைவி. மடியில் நாலு வயது அஷ்வத் தூங்கிக்கொண்டிருந்தான். பட்டாபி வண்டியோடு போனால் திரும்ப மூன்று நாளாகும். அந்த மூன்று நாளும் அவள் பால் வாங்கக்கூடக் கதவைத் திறக்கமாட்டாள். பட்டாபி வேலையையே விட்டுவிட்டு ஊருக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

படத்தில் ஒரே ஒரு பெண் மிஞ்சினாள். அறைக்குள் பூட்டிக்கொண்டிருக்கிறாள். வெளியே கம்பளிக்காரன். கதவுப் பிடி திரும்புகிறது. கோடாலி உயர்கிறது.

குலவைச் சத்தம். சங்கு. திரையில் ஒரு வங்காளிக் கல்யாணம். மணைப் பலகையில் பெண்ணைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையைச் சுற்றிவருகிறார்கள். எந்தப் புண்ணியவானோ கேசட்டின் கடைசிப் பகுதியில் தங்கள் வீட்டு விசேஷத்தைப் பதிவு செய்திருந்தான்.

"மாமா, அப்புறம் என்னாச்சு?" என்றாள் அமலா. உதடு வெளுத்திருந்தது. "அவளைக் கொன்னுட்டானா?"

அந்த முகத்தைப் பார்த்து யாரால்தான் தெரியாது என்று சொல்லமுடியும்?

"கொல்றதாவது! அவளே கதவைத் திறந்துட்டாம்மா. நேருக்கு நேரா நின்னு, 'சாப்பிட்டியா?'ன்னு கேட்டா. அவன் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பிச்சுட்டான். நாலு நாள் பட்டினியாம். தொப்பியைக் கழட்டினா, பாவம், காதுவலி வேற."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எழுந்து கை தட்டினோம்."

அடுத்த வாரம் பட்டாபி வண்டியில் போயிருந்தபோது, காலை பத்து மணிக்கு அமலா வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மங்கி கேப், கண் மட்டும் தெரிகிறது, கையில் அரை முழம் அரிவாள். குவார்ட்டர்ஸ் தென்னைமரங்களைச் சுத்தம் செய்ய வந்த நிமாய் அவன். தண்ணீர் கேட்கத்தான் தட்டினான். அவளுக்கு அது எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்தது கம்பளிக்காரனைத்தான். ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு கதவை அகலத் திறந்து, தனக்குத் தெரிந்த வங்காள பாஷை முழுவதையும் திரட்டி, "பாத் காபே?" என்றாள். சோறு சாப்பிடுகிறாயா என்று அர்த்தம்.

நிமாய் அரிவாளை வாசலில் வைத்துவிட்டு மூன்று தட்டுத் தயிர்சாதம் சாப்பிட்டான். அதன்பிறகு பதினேழு வருஷம் அந்த வீட்டுக்குத் தேங்காய் வந்துகொண்டிருந்தது. அமலா கதவைப் பூட்டிக்கொண்டு உட்காரவில்லை. வங்காள பாஷை கற்றாள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரானாள். பட்டாபி ரிடையராகி, லேக் மார்க்கெட் பக்கம் நான் குடியிருக்கும் மாடிக்கு மேல்மாடியில் ஒரு ஃபிளாட் வாங்கி, 2007-ல் அங்கேயே கண்ணை மூடினான்.

இரண்டு வருஷம் கழித்து, பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த அஷ்வத் வந்தான். தாயாரை அழைத்துப்போக ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு இரண்டு டிக்கெட். அவள் வராவிட்டால் மாட்டுவதற்கு, கதவுக்கு ஒரு கனத்த இரும்புச் சங்கிலியும் வாங்கி வந்திருந்தான்.

"தனியா இருக்க உனக்குப் பயமா இல்லையாம்மா?"

"எனக்கா? கம்பளிக்காரனுக்கே கதவைத் திறந்தவடா நான்!"

"அந்தப் படத்தைத்தான் திரும்ப எடுத்திருக்கான். நாளைக்கு மேட்னி போலாம். பழசோட டிவிடியும் கிடைச்சிருக்கு. ரெண்டையும் பார்த்துடலாம். தாத்தா, நீங்களும் வாங்கோ."

பத்தொன்பது வருஷமாக அவள் தைரியம் நின்றது நான் விட்ட கதையின் மேல். அது சரிந்தால் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஏறிவிடுவாள். மறுநாள் எனக்கு ஜுரம் என்றேன். அஷ்வத் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, டாக்ஸி வாசலில் நிற்கிறது என்றான்.

மால் தியேட்டரில் புதிய படம். முதல் பத்து நிமிஷத்திலேயே நாலு பேர் காலி. குடல் எவ்வளவு நீளம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். கம்பளித் தொப்பி தோல் முகமூடியாகியிருந்தது. சின்ன வயதில் அப்பா அடித்தார், பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள் என்று கொலைகாரனுக்கு ஒரு முழு ஜாதகம். கடைசியில் அந்தப் பெண் அவனைக் கோடாலியால் பிளந்து, விடுதியோடு கொளுத்தினாள். சாம்பலிலிருந்து ஒரு கை நீண்டது.

"இது வேற கதை," என்றாள் அமலா. "பழசைப் போடு."

சனிக்கிழமை டிபன் வேளையில் பழசைப் போட்டான். அதில் ரத்தமே கொஞ்சம்தான். ஒரு கதவு திறக்கக் கால்மணி நேரம். அதற்குள் என் நாற்காலி தானாக இரண்டடி பின்னால் போயிருந்தது. கம்பளிக்காரன் ஏன் கொல்கிறான் என்று கடைசிவரை சொல்லவேயில்லை. கோடாலி உயரும் இடம் வந்தது. குலவை கேட்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். கேட்கவில்லை. அந்தப் பெண் ஜன்னலை உடைத்துக் குதித்தாள், ரோட்டுக்கு ஓடினாள், ஒரு லாரியை நிறுத்தி ஏறினாள். டிரைவர் திரும்பினான். கம்பளித் தொப்பி. படம் முடிந்தது.

"சாப்பிட்டியான்னு கேக்கவே இல்லையேம்மா," என்றான் அஷ்வத். "தாத்தா விட்ட ரீல்."

அமலா என்னைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். பழக்கமில்லாததால் குரல் நடுங்கியது.

"ஆமாம்மா. அந்தப் படத்தை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லை. நீ பயந்துபோயிருந்தே. வாயில வந்ததைச் சொன்னேன்."

அவள் டிவியை அணைத்தாள். தட்டுகளை எடுத்து அடுக்கினாள்.

"பழசுல ஓடினா. லாரியிலயும் அவனே இருந்தான். புதுசுல வெட்டினா. அப்பவும் கை வந்துது," என்றாள். "நான் கேட்டேன். தேங்காய் வந்துது. மூணுல எது நடக்கும்னு எனக்குத் தெரியாதாடா?"

"அம்மா, நிமாய் தண்ணி கேட்க வந்தவன்."

"நான் கதவைத் திறந்தப்புறம்தானேடா அது தெரிஞ்சுது?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "நல்லவேளை மாமா, நீங்க நிஜப் படத்தைப் பார்க்காம இருந்தேள். பார்த்திருந்தா அன்னிக்கு அந்த மனுஷன் தாகத்தோட போயிருப்பான்."

ஞாயிற்றுக்கிழமை அஷ்வத் ஒரு டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுத் தனியாகப் போனான். கிளம்பும்போது தாயார் காலைத் தொட்டுவிட்டு, "சங்கிலியாவது மாட்டிக்கோம்மா" என்றான். அதற்கென்ன, மாட்டினால் போச்சு என்றாள்.

மாட்டவும் மாட்டினார்கள், என் வீட்டுக் கதவில். இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்த வயசானவனுக்குத் தேவைப்படும் என்று அமலாவே கொண்டுவந்து கொடுத்தாள். இப்போதெல்லாம் பேப்பர்காரன் மணியடித்தால் சங்கிலியை எடுக்காமலே, இடுக்கு வழியாக, முதலில் அவனைச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுகிறேன்.