மஞ்சளாகாத கிண்ணங்கள்

நாடாப்புழுவை ஆராய்வதால் ஆய்வகத்தில் அவளுக்குப் புழுக்காரி என்று பெயர். மதியம் ஆய்வகத் தலைவர் வருவார். எதையும் ஒரே வார்த்தையில் நறுக்கிவிடுவதால் அவருக்குக் கத்தரி என்று பெயர். இன்று நறுக்கப்படவிருப்பது அவளுடைய ஆய்வு.

அவள் சொல்வது இதுதான்: நாடாப்புழு கல்லீரல் செல்லைத் தொடக்கூட வேண்டாம், அது கக்கும் சாறே செல்லின் மரபணுக்களில் சிலவற்றை எழுப்பும், சிலவற்றை அடக்கும். அதற்காகவே கிண்ணத்தின் அடியில் செல்கள், மேலே சல்லடைத் தட்டில் இளம்புழுக்கள்; ஒப்பிட்டுப் பார்க்கப் புழு இல்லாத கிண்ணங்களும் சில. கத்தரி நம்பவில்லை. புழு சர்க்கரையை உறிஞ்சுகிறது, செல்கள் பட்டினியில் தவிக்கின்றன, மற்றதெல்லாம் கதை என்றுவிட்டார். இன்றும் பதில் இல்லையென்றால் ஆய்வுக்கு மூடுவிழா.

சில நாள் காய்ச்சலில் விழுந்து எழுந்து வந்தவள், செல்களை உடல் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டியைத் திறந்தாள். உணவு தீர்ந்து மஞ்சளாகியிருக்க வேண்டிய திரவம், எல்லாக் கிண்ணங்களிலும் பளீரென்று சிவப்பு. மூடியில் அவள் ஒட்டிய 'தொடாதே' சீட்டு அப்படியே இருந்தது.

செல் வளர்க்கும் அக்கா பின்னால் வந்து நின்றாள்.

"மஞ்சளாகி வாடிப்போய்க் கிடந்துச்சுடி. மனசு கேக்கல. காலையும் சாயங்காலமும் பழசை எடுத்துட்டுப் புதுசா ஊத்தினேன்."

"தொடாதேன்னு எழுதியிருந்தேனே?"

"நான் எங்க தொட்டேன்? குழாய்ல தானே ஊத்தினேன்."

சேர வேண்டிய சாறெல்லாம் தொட்டியோடு போயிருந்தது. அழுவதற்கு நேரமில்லை. இருக்கிற செல்களையே மரபணுச் சோதனைக்கு ஏற்றினாள்.

மதியம் திரையில் கோடுகள் எழும்பியபோது கத்தரி தோளுக்குப் பின்னால் நின்றார். புழு இல்லாத கிண்ணங்களின் கோடுகள் ஒரு பக்கம், புழுக் கிண்ணங்களுடையவை தனியே வேறு பக்கம். மரபணுக்கள் மாறியேயிருந்தன. கத்தரி அசரவில்லை.

"பசிதாம்மா. அன்னைக்கே சொன்னேன்."

பசி! புழுக்காரி நாற்காலியோடு திரும்பினாள்.

"அக்கா, ஒரு வேளையாவது மஞ்சளா விட்டீங்களா?"

"என் கையில வளர்ற செல்லு பட்டினி கிடந்ததா சரித்திரமே இல்ல. புழுவுக்கும் சேத்துத்தான் ஊத்தினேன்."

கத்தரி மிச்சத் திரவத்தின் சர்க்கரையைத் தன் கையாலேயே அளந்தார். இரண்டு வகைக் கிண்ணத்திலும் தாராளமாக இருந்தது. மறுபடி அளந்தார். அதே அளவு. பட்டினி இல்லை, தொடவும் இல்லை, மிச்சம் இருப்பது, கொட்டக் கொட்டப் புழு புதிதாகக் கக்கிய சாறு ஒன்றுதான்.

"இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க," என்றார் கத்தரி, கதவருகே போய். "சாப்பாடு இந்த அக்காவே போடட்டும்."

புழுக்காரி 'தொடாதே' சீட்டைப் பிய்த்துக் கசக்கினாள்.